தாம்பரம் இருப்புப்பாதையும் தமிழர் கற்ற ஆங்கிலச் சொற்களும்

தமிழகத்தில் ஆங்கிலக் கல்வி பரவிய வரலாற்றை எழுதுவோர் 1835-ஆம் ஆண்டில் மெக்காலே வரைந்த குறிப்பிலிருந்து தொடங்குவர். 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தை அடுத்துக் கூறுவர். அதன்பின் கல்லூரி, பாடநூல், தேர்வு என அவ்வரலாறு நடக்கும். பல்கலைக்கழகம் தோன்றுதற்கு ஓராண்டு முன்னர், 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் பயணிகளை ஏற்றிய முதற் புகைவண்டி புறப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து எண்ணும் வழக்கம் நம்மிடை இல்லை. ஆயினும் தமிழ் மக்கள் ஆங்கிலம் பயின்ற இடங்கள் இரண்டு என்பதே எம் கருத்து. ஒன்றில் ஏடும் எழுத்தும் இருந்தன; மற்றொன்றில் இரும்பும் கட்டையும் சம்மட்டியும் இருந்தன. முன்னதில் பயின்றோர் மொழியைக் கற்றனர். பின்னதில் பயின்றோர் சொற்களை மட்டும் கற்றனர். முன்னவரைப் பற்றி நூல்கள் பல உள. பின்னவரைப் பற்றி அவர் விட்டுச்சென்ற சொற்களே சான்று. அச்சொற்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகம் முழுமையும் ஈண்டு எடுத்துக்கொள்ளின் கட்டுரை எல்லையின்றி நீளும். ஆதலின் சைதாப்பேட்டை முதல் தாம்பரம் வரையிலுள்ள சென்னையின் தென்புறப் பகுதியை மட்டும் கொள்கின்றோம். இப்பகுதியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மீட்டர் அகலப் பாதை போடப்பட்டதும், தென்னாட்டின் முதல் மின்சார வண்டி ஓடியதும், பின்னர் மீட்டர் பாதை அகற்றப்பட்டதும் ஆகிய மூன்றும் இவ்வொரு வழித்தடத்திலேயே நிகழ்ந்தன. சொற்கள் வந்து சேர்ந்ததையும், ஊன்றியதையும், மறையத் தொடங்கியதையும் ஓரிடத்தில் நின்றே காணலாம்.

வழித்தடத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். சென்னைக்கு மேற்கே சென்ற பாதை அகலப் பாதை. அதன் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஐந்தடி ஆறங்குலம். தெற்கே செல்லும் பாதை வேறொரு நிறுவனத்தின் வழி வந்தது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1861 முதல் வண்டி ஓட்டிய தென்னிந்தியப் பெரும் இருப்புப்பாதை நிறுவனமும் கருநாடக இருப்புப்பாதை நிறுவனமும் 1874-இல் இணைந்து தென்னிந்திய இரயில்வே ஆயின. அந்நிறுவனம் 1870-களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து தாம்பரம், செங்கற்பட்டு வழியாகத் தெற்கே மீட்டர் அகலப் பாதையை அமைத்தது. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே ஏறத்தாழ 18 மைல் தூரத்தை மின்மயமாக்கும் பணி 1928-இல் தொடங்கி 1931-இல் முடிந்தது. அவ்வாண்டு மே 11-ஆம் நாள் முதல் பொதுமக்களுக்கு மின்சார வண்டி ஓடிற்று. 1967-இல் மின்னோட்ட முறை மாற்றப்பட்டது. 2004-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இத்தடத்தில் கடைசி மீட்டர் பாதை வண்டி ஓடி நின்றது.

இனிப் பாதை போடும் முறையையே அடியொற்றிச் செல்வோம். சொற்கள் எம்முறையில் வந்தன என்பதை அறிய அதுவே நேர்வழி.

முதற்பணி மண்வேலை. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரவிக் கரை எழுப்புதலும், நீர் செல்லும் இடங்களில் மதகும் பாலமும் கட்டுதலும் இதில் அடங்கும். சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் இடையே அடையாற்றைக் கடக்கப் பாலம் வேண்டியிருந்தது. அதற்குத் தெற்கே ஏரிகளும் தாழ்நிலங்களும் மிகுதி. இப்பணியில் வழங்கும் சொற்களைத் தொகுத்துப் பார்த்தால் வியப்பொன்று தோன்றும். கரை, வெட்டு, பள்ளம், மதகு, மண்வெட்டி, கடப்பாரை, கூடை, சித்தாள் என யாவும் நாட்டுச் சொற்கள். ஆங்கிலச் சொல் ஒன்றேனும் மக்கள் வாயில் தங்கவில்லை. பொறியாளரின் வரைபடத்தில் இவை ஒவ்வொன்றிற்கும் ஆங்கிலப் பெயர் இருந்தது. அப்பெயர் வரைபடத்தைவிட்டு இறங்கவில்லை. ஏன்? செங்கற்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டம். ஏரிக்கு ஆயிரம் ஆண்டுகளாகக் கரை கட்டிய மக்களுக்கு இருப்புப்பாதைக்குக் கரை கட்டுவதில் கற்க வேண்டியது யாதும் இல்லை. கற்க ஒன்றில்லாத இடத்தில் சொல்லும் வருவதில்லை. தென்னாட்டு இருப்புப்பாதைகளின் மண்வேலையில் ஒட்டர் எனப்படும் மண்வேலை மரபினர் பெரும்பங்கு கொண்டனர் என்பது அக்காலப் பதிவுகளால் தெரிகின்றது. ஆடவர் வெட்டப் பெண்டிர் சுமந்தனர். கூடை சுமந்த அப்பெண்டிரின் பணிக்கு ஆங்கிலப் பதவிப் பெயர் ஒன்றும் ஏற்படவில்லை. பெயர் ஏற்படாமையால் ஏட்டிலும் அவர்கள் இடம்பெறவில்லை.

கரையின்மேல் பரப்புவது கல். ஆங்கிலேயர் இதனைக் குறிக்க வழங்கிய ‘பாலஸ்ட்’ என்னும் சொல் மாலுமிகளுடையது. சரக்கின்றித் திரும்பும் கப்பல் கவிழாதிருக்க அதன் அடித்தளத்தில் இடும் கல்லையும் மணலையும் குறித்தது. இங்கிலாந்தின் வடபகுதியில் நிலக்கரி ஏற்றிச் சென்ற கப்பல்கள் திரும்பி வருங்கால் கொணர்ந்து கொட்டிய கற்களையே நிலக்கரி வண்டிப் பாதைகளுக்கு அடியில் பரப்பினர். அதனால் கப்பற்சொல் பாதைச் சொல்லாயிற்று என்பர். தாம்பரம் வழித்தடத்தில் இச்சொல் ஊன்றவில்லை. மக்கள் ‘ஜல்லி’ என்றே கூறினர், இன்றும் கூறுகின்றனர். பல்லாவரம், திரிசூலம் குன்றுகளில் கல்லுடைத்தல் நெடுங்காலத் தொழில். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் விருதுப்பெயர்களைப் பல மொழிகளில் பொறித்துவைத்த குடைவரை பல்லாவரத்தில் உள்ளது. அவ்வூர்ச் சரளைக் குழியொன்றில்தான் 1863-இல் இராபர்ட் புரூசு பூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இக்குன்றுகளின் கருங்கல்லுக்கு 1893-இல் ஆலந்து என்னும் நிலவியலார் ‘சார்னகைட்’ எனப் பெயரிட்டார். கல்கத்தாவிலுள்ள யோபு சார்னக்கின் கல்லறைக் கல் இவ்வினத்தது என்பது அப்பெயரின் காரணம். கல்லை உடைத்தவருக்கோ அது கருங்கல், உடைத்தபின் ஜல்லி. கல் உள்ளூர்க் கல். உடைக்கும் தொழிலும் உள்ளூர்த் தொழில். சொல்லும் அதன்வழியே நின்றது.

ஜல்லியின்மேல் குறுக்கே இடுவது கட்டை. இங்குதான் ஆங்கிலம் முதன்முதலாக மக்கள் நாவில் ஏறுகின்றது. ‘சிலிப்பர் கட்டை’ என்னும் தொடரை நோக்குக. முன்சொல் ஆங்கிலம், பின்சொல் தமிழ், இரண்டும் ஒரே பொருளையே சுட்டுகின்றன. பொருள் மரம், மரத்தைத் தமிழர் அறிவர், அளந்து அறுத்து வரிசையாக இடும் முறை புதிது. அறிந்ததற்குத் தமிழும் புதியதற்கு ஆங்கிலமும் நின்று ஒரு தொகையாயின. ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 கட்டைகள் வேண்டியிருந்தன. 1850-களில் சென்னை மாகாணத்தில் மட்டும் ஆண்டுக்கு 35,000 மரங்கள் இதன்பொருட்டு வெட்டப்பட்டன என்பர். 1856-இல் சென்னை மாகாணத்தின் காட்டுப் பாதுகாவலராக அமர்ந்த கிளெகார்ன் காடுகளின் அழிவைக் குறித்துக் கவலை கொண்டு எழுதியமைக்கு இருப்புப்பாதையின் தேவையும் ஒரு காரணம். இத்துணை மரங்களை வெட்டியும் இழைத்தும் சுமந்தும் அடுக்கியும் வந்தவர் நாவில் ‘சிலிப்பர்’ பழகாது என்ன செய்யும்?

ஆனால் அச்சொல்லின் உள்ளீடு அவர்க்குக் கிட்டவில்லை. ஆங்கிலத்தில் அது ‘உறங்குவது’ என்று பொருள்படும். தரையில் நீட்டிக் கிடக்கும் உத்தரத்தை இங்கிலாந்துத் தச்சர் இருப்புப்பாதைக்கு நெடுங்காலம் முன்னரே அவ்வாறு அழைத்தனர். சுமை தாங்கி அசையாமற் கிடக்கும் கட்டையை உறங்குவதாகக் கண்ட அத்தச்சனின் கண் கவிஞனின் கண் எனலாம். தமிழ்த் தொழிலாளிக்கோ அது வெறும் பெயர். செருப்பைக் குறிக்கும் மற்றோர் ஆங்கிலச் சொல்லோடு ஒலியில் மயங்கிய பெயர். பிற்காலத்தில் படுக்கை வசதியுள்ள பெட்டிக்கும் அதே பெயர் வந்தபோதுதான் தமிழ்ப் பயணி அச்சொல்லின் பொருளை உணர்ந்தான்; அப்போதும் தன் வண்டிக்கு அடியில் கிடக்கும் கட்டையோடு அதனைத் தொடர்புபடுத்தினான் அல்லன்.

இவ்வுண்மை மற்றச் சொற்களில் இன்னும் தெளிவாக விளங்கும். தண்டவாளத்தைக் கட்டையோடு பிணைக்கும் முறைகளுள் ஒன்று, வார்ப்பிரும்பாலான தாங்கியில் அதனை இருத்தி, பக்கத்து இடைவெளியில் ஆப்பு இறுக்குவது. தாங்கிக்கு ஆங்கிலத்தில் நாற்காலி என்று பெயர். ஆப்புக்குச் சாவி என்று பெயர். இரு தண்டவாளங்களின் முனைகளை இணைக்க இருபுறமும் இரும்புத் தகடு வைத்துத் திருகாணி முடுக்குவர். வில்லியம் பிரிட்சசு ஆடம்சு என்பார் 1847-இல் உரிமம் பெற்ற அவ்விணைப்பில் அமையும் தகட்டுக்கு ‘பிஷ்பிளேட்’ என்று பெயர். ஒடிந்த பாய்மரத்திற்கு வலுவூட்டப் பக்கத்தில் வைத்துக் கட்டும் மரத்துண்டை மாலுமிகள் ‘பிஷ்’ என்றனர். அதுவே இங்கும் வந்தது. மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் ஆர்வத்தால் எவரேனும் இதனை ‘மீன்தகடு’ ஆக்கின் நகைப்பிற்கே இடமாகும்.

ஆக, ஆங்கிலேயத் தொழிலாளி புதிய பொருள்களுக்குப் புதுச்சொல் படைத்தானல்லன். தன் வீட்டிலிருந்தும் கப்பலிலிருந்தும் பழைய சொற்களை எடுத்து வழங்கினான். நாற்காலி, சாவி, உறங்கும் கட்டை, கப்பற்கல், பாய்மரத் துண்டு ஆகிய யாவும் அவன் அன்றாடம் கண்டவை. அவன் சொற்கள் அவனுக்கு விளக்கம் தந்தன. அச்சொற்களே கடல் கடந்து தாம்பரத்தில் இறங்கியபோது விளக்கம் கழிந்து ஒலி மட்டும் எஞ்சியது. தமிழ்த் தொழிலாளி பொருளைச் சொல்லிலிருந்து அறியவில்லை, கையிலிருந்து அறிந்தான். பாதைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரிடம் ‘கீ’ என்றால் யாது என்று தாம்பரத்தில் நாம் வினவினோம். அவர் சாவி என்றோ ஆப்பு என்றோ கூறவில்லை. ஒரு கையால் எதையோ பிடிப்பது போலவும் மறு கையால் அதனை அடிப்பது போலவும் காட்டி, “இப்படி அடிக்கிறதுங்க, அதுதான் கீ” என்றார். அதனினும் சிறந்த அகராதி விளக்கத்தை நாம் எழுதவியலாது. ஆயினும் ‘ஆப்பு’ என்னும் அருமையான தமிழ்ச்சொல் கையருகே இருந்தும், மேலாளர் வாயிலிருந்து வந்த சொல்லே வழக்காயிற்று என்பதை நினைக்குங்கால் சிறிது வருத்தம் தோன்றாமலில்லை. ‘சாவி’ என்பதும் போர்ச்சுகீசியர் தந்ததே. நம் திறவுகோலை அது முன்னரே ஒதுக்கிவிட்டது. மேஸ்திரியும் அவ்வழி வந்தவரே.

இதுகாறும் கூறியவற்றால், உள்நாட்டுப் பொருளுக்கு உள்நாட்டுச் சொல்லும் கப்பலில் வந்த பொருளுக்குக் கப்பலில் வந்த சொல்லும் வழங்கின என்று ஒரு விதி கூறத் தோன்றும். அவ்விதிக்குத் தண்டவாளமே முதல் மறுப்பு. இரும்புத் தண்டவாளம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. அதன் ஆங்கிலப் பெயர் ‘ரெயில்’. இலத்தீனில் நேர்கோலைக் குறிக்கும் சொல்லடியாகப் பிரெஞ்சு வழி ஆங்கிலம் புகுந்தது. அச்சொல்லைத் தமிழர் கைவிடவில்லை. ஆனால் அதனைத் தரையிலிருந்து எடுத்து வண்டியின்மேல் ஏற்றிவிட்டனர். ஆங்கிலேயன் ‘ரெயில்’ என்னும்போது கீழே கிடக்கும் கம்பியைச் சுட்டுகின்றான். தமிழன் ‘இரயில்’ என்னும்போது ஓடும் வண்டியைச் சுட்டுகின்றான். ‘இரயில் வந்துவிட்டது’ என்னும் தொடரை ஆங்கிலத்தில் அச்சொல்லைக் கொண்டே கூறின் கம்பி நடந்து வந்தது என்றாகும். உறுப்பின் பெயர் முதலுக்கு ஆகிவந்த இவ்வாகுபெயர் இந்திய மொழிகள் பிறவற்றிலும் காணப்படுவது. பெயரைப் பறிகொடுத்த கம்பிக்குத் ‘தண்டவாளம்’ என்னும் சொல் அமைந்து, அது வழக்கில் நன்கு வேரூன்றிற்று. வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும் என்று எள்ளி நகையாடும் அளவிற்கு மக்கள் பேச்சில் அது ஒன்றியது. இலங்கைத் தமிழர் வண்டிக்குப் ‘புகையிரதம்’ என்று வேறு பெயரிட்டமையும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

தண்டவாளத்தைப் போன்றதே கைகாட்டி. உயர்ந்த கம்பத்தில் கைபோல் நீண்டு, தாழ்ந்தும் கிடையாகவும் நின்று வண்டியோட்டிக்குக் குறிப்புணர்த்தும் அக்கருவிக்கு ஆங்கிலேயர் இட்ட ‘செமபோர்’ என்னும் பெயர் கிரேக்கச் சொற்களால் ஆயது. குறி தாங்குவது என்பது அதன் பொருள். இங்கு ஆங்கிலேயத் தொழிலாளியின் வீட்டுச்சொல் வரவில்லை. கற்றோர் ஏட்டுச்சொல் வந்தது. தமிழ் மக்கள் அதனைப் புறத்தே நிறுத்திக் ‘கைகாட்டி’ என்றனர். கட்டையில் உறக்கத்தைக் கண்ட ஆங்கிலத் தச்சனின் கண் கம்பத்தில் கையைக் கண்ட தமிழனுக்கும் இருந்தது என்பதற்கு இச்சொல் ஒன்றே போதும். வேறுபாடு எங்கே எனின், தண்டவாளமும் கைகாட்டியும் ஊரார் அனைவரும் தொலைவில் நின்றே கண்டவை. பெயரிடும் உரிமை ஊராரிடம் இருந்தது. கீயும் பிஷ்பிளேட்டும் பாதைப்பணியாளர் மட்டுமே குனிந்து கண்டவை. அவற்றின் பெயர் ஏவுவோரிடமிருந்து வந்தது. எல்லோரும் கண்டும் ஆங்கிலமாகவே நின்ற டிக்கெட், கார்டு, பிளாட்பாரம் முதலியன இதற்கும் அடங்கா. அவை நிலையத்துச் சொற்கள். அங்கே பெயரிடும் அதிகாரம் சாளரத்திற்கு உட்புறம் இருந்தது என்று கொள்ளலாம்.

பணியாளர் பெயர்களில் இவ்வதிகார முறை நன்கு தெரியும். பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘கேங்’ அமர்த்தினர். அதிலுள்ளவர் கேங்மேன், நாள்தோறும் சம்மட்டியோடு பாதை நெடுக நடந்து தளர்ந்த ஆப்புகளை இறுக்குபவர் கீமேன், குழுவின் தலைவர் மேட். கேங்மேனாகச் சேர்ந்தவர் கீமேனாகவும் பின்னர் மேட்டாகவும் உயர்வதே முறை. உயர்வுக்கு உடல்வலிமை மட்டும் போதாது. கருவிகளின் பெயர்களும் கொடி, விளக்கு ஆகியவற்றின் குறிப்புகளும் ஐயமின்றித் தெரிந்திருத்தல் வேண்டும். தண்டவாளம் முறிந்து கிடக்கும் இடத்தில் எச்சொல்லைச் சொல்லி யாரை அழைப்பது என்று தடுமாறினால் உயிர்கள் போகும். கல்லூரி மாணவன் ஆங்கிலச் சொல்லை மறந்தால் மதிப்பெண் குறையும். கீமேன் மறந்தால் நேர்வது வேறு. எழுத்தறியாத பலர் இச்சொற்களைச் செவிவழியே பிழையறப் போற்றி வந்தமைக்கு இதுவே காரணம்.

அளவைச் சொல் ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். 1870-இல் மேயோ பிரபுவின் காலத்தில் சிக்கனம் கருதிக் குறுகிய பாதை ஏற்கப்பட்டபோது அதன் அகலத்தை ஒரு மீட்டர் என வரையறுத்தனர். இந்தியாவில் மெட்ரிக் அளவைகளைக் கொணரும் எண்ணம் அப்போது அரசினரிடம் இருந்தது. 1871-இல் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. கடைத்தெருவில் முழமும் கசமும் அடியும் வழங்க, தாம்பரத்தில் கேங்மேன் மட்டும் ‘மீட்டர்கேஜ்’ என்று கூறிவந்தான். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 முதல் மெட்ரிக் அளவை நாடெங்கும் புகுத்தப்பட்டபோது, கற்றோரும் மீட்டரை அளவுகோல் கொண்டு புதிதாய்ப் பயின்றனர். இரும்பு அளவுக்கோலைத் தண்டவாளங்களின் குறுக்கே நாள்தோறும் வைத்துப் பார்த்தவனுக்கு அது எண்பது ஆண்டுப் பழஞ்சொல். எழுத்தறிந்தார்க்கு எழுத்தறியார் முந்திக்கொண்ட இடங்களுள் இஃது ஒன்று.

இச்சொற்கள் தமிழ் ஒலிமரபிற்கு இயைந்த வகையையும் சிறிது காண்போம். பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தொடு பொருந்திய வடிவில் ஏற்கலாம் என்பது தொல்காப்பியர் வடசொல்லுக்கு வகுத்த நெறி. பாதைப்பணியாளர் தொல்காப்பியம் கற்றவரல்லர். நெறியை மட்டும் நாவினால் அறிந்திருந்தனர். மெய்ம்மயக்கத்தை உடைக்க இகரம் புகுத்திச் ‘சிலிப்பர்’ என்றனர். ஈற்றில் மகரம் இயல்பாதலின் ‘பிளாட்பாரம்’ என்றனர்; அது மரம், வாரம் என்பவற்றோடு ஒலியால் இனமாயிற்று. ‘ஸ்டேஷன்’ என்பதன் முதல் மெய்யை வீழ்த்தி ‘டேசன்’ என்றது மட்டும் மொழிமுதல் விதிக்கு ஒவ்வாது. டகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. புலவர்கள் ரகரத்திற்கு முன் இகரமிட்டு ‘இரயில்’ என எழுதி விதியைக் காத்தனர். மக்களோ முன்னே ஒன்றும் இடாமல் ஈற்றில் உகரம் சேர்த்து ‘ரயிலு’ என்றனர். தென்மாவட்டங்களிலும் தஞ்சையிலும் நிலையத்தை ‘ரயிலடி’ என்பது இவ்வனைத்தினும் அழகிது. தேரடி, கோயிலடி என்னும் பழைய முறையில் இரயிலுக்கும் ஓரிடம் கொடுத்த சொல் அது. சென்னைப் பக்கத்தில் அது பரவாமை நம் குறையே.

பாதையை விட்டு ஊருக்குள் இறங்கிய சொற்களும் உள. நிலையத்து மேடையைக் குறித்த ‘பிளாட்பாரம்’ சென்னையில் தெருவோர நடைமேடைக்குப் பெயராகி, வீடற்றோர் உறையும் இடத்தையும் சுட்டுவதாயிற்று. ‘லைன் கிளியர்’ என்பது அடுத்த நிலையம்வரை பாதை தடையின்றி இருப்பதைத் தெரிவிக்கும் தொழிற்சொல். அது திருமணப் பேச்சிலும் வழக்குமன்றத்திலும் தடை நீங்கியமையைக் குறிக்கலாயிற்று. ‘தடம் புரளுதல்’ ஒழுக்கத்திற்கும் ஆகிவந்தது. ஊர்ப்பெயர்களும் இவ்வாறே. 1912-இல் குரோம் முறையில் தோல் பதனிடும் தொழிற்சாலை எழுந்த இடம் குரோம்பேட்டை ஆயிற்று. 1928-இல் மருத்துவர் சௌரிமுத்து காசநோய்க்கு அமைத்த நலவாழ்வு மனை சானடோரியம் என்னும் நிலையப் பெயராய் நின்றது. அவ்விரு நிலையங்களிலும் வண்டி ஏறி இறங்கியோர் வேதியியற் சொல் ஒன்றையும் மருத்துவச் சொல் ஒன்றையும் தம்மையறியாமலே கற்றனர்.

1931-இல் மின்சார வண்டி வந்தபோது இரண்டாம் முறையாகச் சொற்கள் வந்திறங்கின. தாம்பரத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் ‘கார் ஷெட்’ அவ்வாண்டே அமைந்தது. இச்சொற்களின் வரவு வேறுவகையினது. முன்னவற்றைக் கற்றோர் சம்மட்டி பிடித்தோர். இவற்றைக் கற்றோர் ஓரளவு பள்ளி சென்றோர். ஆதலின் திரிபு குறைவு; சுவையும் குறைவு என்போம். விரிக்க வேண்டுவதில்லை.

ஆனால் 1937-இல் நிகழ்ந்த ஒன்றை விடுதல் இயலாது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலிலிருந்து நீங்கிக் கிழக்குத் தாம்பரத்திற்கு வந்தது. அன்றுமுதல் தண்டவாளத்திற்கு அணித்தே ஆங்கிலம் இருவகையாய்ப் பயிலப்பட்டது. வகுப்பறையில் இலக்கணமும் இலக்கியமும் கொண்ட முழுமொழி. பாதையில் வினையில்லாத பெயர்கள். கல்லூரி மாணவன் நாள்தோறும் அப்பெயர்களின்மேல் ஏறி வந்தான். அவற்றை அவன் அறியான். பெயர்களை அறிந்தவனோ கல்லூரியுள் புகவில்லை. இருவர் கற்றதும் ஒரே மொழியின் சொற்களாயினும், ஒருவன் கற்றது கல்வி எனப்பட்டது. மற்றவன் கற்றது கொச்சை எனப்பட்டது.

தமிழ் அறிஞர்களும் இப்பிழைக்கு விலக்கல்லர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாய் வெளிவந்தது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் பள்ளிப் பாடங்களுக்குரிய கலைச்சொற்களைத் தொகுத்தது. இரண்டும் பெரும்பணிகள், அவற்றின் தோளில் நின்றே நாம் பேசுகின்றோம். எனினும் கலைச்சொல் ஆக்கம் என்றால் அறிஞர் குழு கூடி ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் காண்பதே என்னும் எண்ணம் நிலைத்துவிட்டது. குழு கூடுதற்கு அறுபது ஆண்டு முன்னரே பாதையோரத்தில் கைகாட்டி, சிலிப்பர் கட்டை முதலியன கூட்டமின்றித் தீர்மானமின்றி ஆகியிருந்தன. அவ்வாக்கத்தின் நெறிகளை ஆராய்ந்திருப்பின், பின்னர் ஆக்கப்பெற்று வழக்கில் நில்லாது போன கலைச்சொற்கள் சிலவற்றிற்கு மாற்று கிடைத்திருக்கும்.

இப்போது அச்சான்றும் கரைந்து வருகின்றது. மரக்கட்டை போய்க் கான்கிரீட் சிலிப்பர் வந்தது. தண்டவாளங்களை நீளமாக ஒன்றோடொன்று பற்றவைத்துவிடுவதால் பிஷ்பிளேட்டிற்கு வேலை குறைந்தது. ஆப்பின் இடத்தில் வளைந்த எஃகுக் கவ்வி வந்தது. பாண்டே-ரோல்ப்சன் என்னும் நார்வே நாட்டவர் 1950-களில் கண்ட அமைப்பாதலின், அவர் பெயரின் பகுதிகளைச் சேர்த்து அதனைப் ‘பாண்ட்ரால்’ என்பர். கைகாட்டிக்கு மாற்றாக வண்ணவிளக்குகள் நிற்கின்றன. இருபத்தோராம் நூற்றாண்டில் கேங்மேன் என்னும் பதவிப் பெயரையும் டிராக்மேன் என மாற்றினர். பின்னர் அதனையும் மாற்றினர். நாம் கண்ட முதியவர் போன்றோர் இன்னும் சிலர் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் செங்கற்பட்டிலும் உள்ளனர். அவர்தம் சொற்களை, அவர் கைகாட்டிக் கூறும் விளக்கங்களோடு, தமிழ்த்துறை மாணவர் இப்போதே சென்று பதிந்துகொள்ளல் வேண்டும்.

அதுவரை ஒரு சொல் மட்டும் தன் பொருளை இழந்தும் நடமாடிக்கொண்டிருக்கும். வைகறையில் கருவிகளோடு தாம்பரம் வழித்தடத்தில் தனியே நடந்து வந்து, கவ்விகள் உரிய இடத்தில் உள்ளனவா என்று குனிந்து பார்த்துச் செல்லும் பணியாளருக்கு இன்றும் கீமேன் என்றே பெயர்.